அசிட்டைல்கோலின் மருந்துகளும் விலங்குகளின் நினைவும்: சோதனையை வடிவமைத்துப் பொருள் காணும் முறை

நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினின் ஏற்பிகளை அடைக்கும் ஸ்கோபொலமைன் ஊசி போட்ட பின் பயிற்சி பெற்ற ஓர் எலி, காலில் மின்னதிர்ச்சி வாங்கிய அதே இருட்டறைக்குள் மறுநாள் தயக்கமில்லாமல் நுழைகிறது. உப்புக்கரைசல் மட்டும் பெற்ற எலியோ வாசலிலேயே ஐந்து நிமிடம் நின்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டவுடன், மருந்து நினைவை அழித்துவிட்டது என்று எழுதத் தோன்றுவது இயல்பு. ஆயினும் முதல் எலி அறையின் அடையாளங்களைப் பயிற்சியின்போதே கவனிக்காமல் இருந்திருக்கலாம். அதிர்ச்சியின் வலியைக் குறைவாக உணர்ந்திருக்கலாம். அல்லது மருந்து உடலில் இருந்த நிலையில் கற்றதை, மருந்து இல்லாத நிலையில் மீட்டெடுக்க முடியாமல் போயிருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்பதை அந்த ஒரு சோதனையால் சொல்ல முடியாது. நினைவை யாரும் நேரில் பார்ப்பதில்லை, நடத்தையை மட்டுமே பார்க்கிறோம். ஆகவே, நடத்தையில் தெரிந்த மாற்றம் உண்மையிலேயே நினைவின் மாற்றமா என்பதைச் சோதனையின் வடிவமே பிரித்துக் காட்ட வேண்டும். இந்த ஆய்வுத் துறையில் முதன்முறையாகச் சோதனை வகுக்கும் முதுநிலை மாணவர்களையும், பிறர் செய்த ஆய்வுகளைப் படித்து எடைபோட விரும்புவோரையும் மனத்தில் கொண்டு, அந்தப் பிரித்தறியும் வேலையை எப்படிச் செய்வது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

கடத்தியின் பாதையை அறிதல்

அசிட்டைல்கோலின் ஒரு நரம்புக்கடத்தி என்பதற்கான முதல் தெளிவான சான்றை 1921இல் ஓட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு காட்டினார். அதற்காக அவரும் ஹென்றி டேலும் 1936ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நரம்பு முனையில் கோலினும் அசிட்டைல் துணைநொதி-ஏ என்ற மூலக்கூறும் கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதியால் இணைக்கப்பட்டு அசிட்டைல்கோலின் உருவாகிறது. அது நுண்பைகளில் அடைக்கப்பட்டு, நரம்புத் துடிப்பு வந்தவுடன் வெளியேறி, எதிர்ப்புறச் செல்லின் ஏற்பிகளில் அமர்கிறது. பிறகு அசிட்டைல்கோலினெஸ்ட்ரேஸ் அதைச் சிதைக்க, விடுபட்ட கோலின் மீண்டும் நரம்பு முனைக்குள் உறிஞ்சப்படுகிறது. இந்தப் பாதையின் ஒவ்வொரு படியிலும் தலையிடும் மருந்து உண்டு. கோலின் உள்ளே செல்வதை ஹெமிகோலினியம்-3 தடுக்கிறது. நுண்பைக்குள் அடைபடுவதை வெசாமிகால் தடுக்கிறது. சிதைவை ஃபைசோஸ்டிக்மின், டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் ஆகியவை தடுக்கின்றன.

ஏற்பிகள் இரு பெரும் குடும்பங்களாக உள்ளன. மஸ்கரினிக் ஏற்பிகளில் எம்1 முதல் எம்5 வரை ஐந்து வகைகள் உண்டு. அவற்றுள் எம்1 பெருமூளைப் புறணியிலும், இடநினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியிலும் மிகுதியாக இருக்கிறது. எம்2 பெரும்பாலும் அசிட்டைல்கோலினை வெளியிடும் முனையிலேயே அமர்ந்து, வெளியீடு மிகுந்தால் அதைக் கட்டுப்படுத்துகிறது. நிகோட்டினிக் ஏற்பிகளில் மூளைக்கு முக்கியமானவை ஆல்ஃபா-4 பீட்டா-2 என்ற கலவையும் ஆல்ஃபா-7 என்ற வகையும் ஆகும். ஸ்கோபொலமைனும் அட்ரோபினும் மஸ்கரினிக் வகைகள் ஐந்தையும் பாகுபாடின்றித் தடுக்கின்றன; மெகாமைலமின் நிகோட்டினிக் ஏற்பிகளைத் தடுக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்கோபொலமைன் எம்2 ஏற்பியையும் தடுப்பதால், கட்டுப்பாடு நீங்கி, ஹிப்போகேம்பஸில் அசிட்டைல்கோலின் வெளியீடு குறையாமல் கூடுகிறது. கூடிய அசிட்டைல்கோலின், தடுக்கப்படாத நிகோட்டினிக் ஏற்பிகளின்மீது பாய்கிறது. எனவே, ஸ்கோபொலமைன் பெற்ற விலங்கை "அசிட்டைல்கோலின் குறைந்த விலங்கு" என்று வருணிப்பது தவறு. ஒரு குடும்பத்தின் குரல் அடைக்கப்பட்டு, மற்றொன்றின் குரல் உயர்த்தப்பட்ட மூளை அது.

மூளையில் இந்தக் கடத்தி எங்கிருந்து வருகிறது என்பதும் சோதனைத் தேர்வைத் தீர்மானிக்கும். முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ள இடைச்செப்டமும் புரோக்காவின் மூலைப்பட்டையும் ஹிப்போகேம்பஸுக்கு நார்களை அனுப்புகின்றன. மேய்னர்ட்டின் அடிக்கரு பெருமூளைப் புறணிக்கும், அச்சத்தைக் கற்பதில் பங்குள்ள அமிக்டலாவுக்கும் அனுப்புகிறது. இடத்தை நினைவில் வைத்தல், அச்சத்தைக் கற்றல், கவனத்தைத் தக்கவைத்தல் ஆகியவை வெவ்வேறு கிளைகளைச் சார்ந்தவை. ஆதலால் "நினைவு" என்ற ஒற்றைச் சொல்லால் அவை எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது.

மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுத்தல்

முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவைக்க வேண்டும். "மஸ்கரினிக் குடும்ப ஏற்பிகள் தடைபட்டால் புதிய இடத்தைக் கற்பது பாதிக்கப்படுமா?" என்பது ஒரு கேள்வி, "கற்ற பின் அசிட்டைல்கோலின் மிகுந்தால் நினைவு நிலைப்படுமா?" என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஸ்கோபொலமைன் பொருந்தும். இரண்டாவதற்கு ஃபைசோஸ்டிக்மின் போன்ற குறுகிய நேரம் இயங்கும் மருந்து பொருந்தும். நீண்ட நேரம் உடலில் தங்கும் மருந்தைக் கொண்டு கற்ற பின்னான முதல் ஒரு மணி நேரத்தைத் தனித்து ஆராய முடியாது. டோனெபெசிலின் அரைவாழ்வு மனிதரில் சுமார் 70 மணி நேரம்; எலியின் உடல் அதை மிக விரைவாக வெளியேற்றிவிடுகிறது. ஆகவே மனிதருக்கான அட்டவணையை எலிக்கு அப்படியே எடுத்துக்கொள்வதும் பொருந்தாது.

அளவைக் குறிக்கும்போது உப்பு வடிவத்தையும் அடிப்படை மூலக்கூறையும் பிரித்தறிய வேண்டும். இந்த ஒரு குழப்பமே பல ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் ஆக்கியிருக்கிறது என்பது என் கருத்து. புட்டியில் வருவது பெரும்பாலும் ஸ்கோபொலமைன் ஹைட்ரோபுரோமைடு டிரைஹைட்ரேட். அதன் மூலக்கூறு எடை 438.3. ஸ்கோபொலமைனின் மூலக்கூறு எடை 303.4 மட்டுமே. கிலோ உடல் எடைக்கு 0.5 மில்லிகிராம் ஸ்கோபொலமைன் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 1 மில்லிலிட்டர் என்ற கணக்கில் ஊசி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஸ்கோபொலமைன் இருக்க வேண்டும். 20 மில்லிலிட்டர் கரைசலுக்கு 10 மில்லிகிராம் தேவை. அதை உப்பாக நிறுக்கும்போது சுமார் 14.4 மில்லிகிராம் எடுக்க வேண்டும். 250 கிராம் எடையுள்ள எலிக்கு இந்தக் கரைசலில் 0.25 மில்லிலிட்டர் செலுத்தப்படும். உப்பின் எடையையே மருந்தின் எடை என்று கொண்டால், எலிக்குச் சேருவது திட்டமிட்டதில் ஏறத்தாழ 70 விழுக்காடு மட்டுமே. நிகோட்டினில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. நிகோட்டின் ஹைட்ரஜன் டார்ட்ரேட் உப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமே நிகோட்டின்.

ஒரே ஓர் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்துகளின் விளைவு, அளவு கூடக்கூட நேர்கோட்டில் கூடுவதில்லை. கவிழ்ந்த லாட வடிவத்தில் ஏறி இறங்குகிறது. குறைந்த அளவில் பயனில்லை. நடு அளவில் நினைவு மேம்படுகிறது. அதற்கு மேல் சென்றால் நினைவு மங்குகிறது. மேலும், மேம்படுத்தும் அளவு விலங்குக்கு விலங்கு மாறுகிறது. முதிய குரங்குகளில் இதைத் தெளிவாகக் காண முடிந்திருக்கிறது. எனவே குறைந்தது மூன்று அளவுகளையும் ஒரு வெற்றுக் கரைசல் குழுவையும் திட்டமிட வேண்டும். எலிகளில் ஸ்கோபொலமைனுக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் வரையிலான வீச்சு வழக்கமாகப் பயன்படுகிறது. பயிற்சிக்கு 20 அல்லது 30 நிமிடம் முன்பு வயிற்றறைக்குள் செலுத்துவார்கள். அந்த வீச்சின் மேல்முனையில் நினைவைத் தவிர வேறு பலவும் குலைகின்றன என்பதால், கீழ்முனையில் கிடைக்கும் விளைவுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கோலினெஸ்ட்ரேஸ் தடுப்பான்களைக் கையாளும்போது பாதுகாப்பு முதன்மையானது. உமிழ்நீர் ஒழுகுதல், கண்ணீர், வயிற்றுப்போக்கு, நடுக்கம் ஆகியவை விலங்கில் தோன்றினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அத்தகைய விலங்கின் நினைவுத் தரவு எதற்கும் பயன்படாது. கையுறை அணிந்து, பொடியை உறிஞ்சுகூண்டுக்குள் எடைபோட்டு, மாற்று மருந்தான அட்ரோபினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை தொடங்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தேர்ந்தவரின் மேற்பார்வை ஆகிய இரண்டும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

மூளையின் வேலையா, உடலின் வேலையா

அசிட்டைல்கோலின் மூளைக்கு மட்டும் உரியதன்று. கண்பாவை, உமிழ்நீர்ச் சுரப்பி, குடல், இதயம், தசை எல்லாம் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. ஸ்கோபொலமைன் பெற்ற எலியின் கண்பாவை விரிந்துவிடுவதால் அருகிலுள்ளதைத் தெளிவாகப் பார்க்க முடியாது. வாய் உலர்ந்துவிடுவதால் உலர்ந்த உணவுத் துணுக்கைப் பரிசாக வைத்தால் அதற்கு அது அவ்வளவாக ஆசைப்படாது. இவ்விரண்டும் சோதனை மதிப்பெண்ணில் நினைவுக் குறைவைப் போலவே தோற்றம் அளிக்கும்.

இதைப் பிரிப்பதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. மீதைல்ஸ்கோபொலமைன் என்ற வடிவத்தின் நைட்ரஜனில் நிலையான மின்னேற்றம் இருப்பதால், அது இரத்த-மூளைத் தடையை எளிதில் கடப்பதில்லை. உடலின் ஏற்பிகளை மட்டும் அது தடுக்கும். அதையே சம அளவில் பெற்ற குழு நன்றாகக் கற்று, ஸ்கோபொலமைன் குழு மட்டும் தடுமாறினால், விளைவு மூளையில் பிறந்தது என்று கருத இடமுண்டு. சிதைவுத் தடுப்பான்களில் இதே பணியை நியோஸ்டிக்மின் செய்கிறது. அது ஃபைசோஸ்டிக்மினின் உடல்சார் விளைவுகளைக் காட்டும், ஆனால் மூளைக்குள் எளிதில் செல்லாது. இந்தத் தர்க்கம் மருத்துவத்திலும் பயன்பட்டிருக்கிறது. மனச்சிதைவு நோய்க்காக 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்தில், மூளையின் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டும் சானோமெலினோடு, மூளைக்குள் செல்லாத தடுப்பானான ட்ரோஸ்பியமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உடலில் எழும் தொல்லைகளை ட்ரோஸ்பியம் அடக்க, மூளையில் எழும் விளைவு மட்டும் எஞ்சுகிறது. இந்த ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வைப் படிக்கும்போது, அதன் முடிவைப் பாதி நிரூபிக்கப்பட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் நேரம்

வடிவமைப்பின் உயிர்நாடி இதுதான். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே சோதனை என்றாலும், எப்போது செலுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து அது வேறு கேள்விக்கு விடையளிக்கிறது.

பயிற்சிக்கு முன் செலுத்தினால், மருந்து புலனுணர்வு, கவனம், இயக்கம், ஊக்கம், பதிவு, நிலைப்படுத்தல் ஆகிய எல்லாவற்றின்மீதும் ஒரே நேரத்தில் படுகிறது. விளைவு பெரிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் பொருள் மங்கலாக இருக்கும். பயிற்சி முடிந்த உடனே செலுத்தினால், விலங்கு கற்ற நேரத்தில் அதன் உடலில் மருந்து இல்லை. சோதனை நேரத்துக்குள் அது வெளியேறியும் விடும். அப்போது மறுநாள் தெரியும் மாற்றத்தை நிலைப்படுத்தலின் மாற்றம் என்று சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. ஜேம்ஸ் மெக்கா இந்த முறையைத் தொடர்ந்து பயன்படுத்தி, நினைவு கற்ற கணத்திலேயே முழுமையாக உறைந்துவிடுவதில்லை என்பதை நிறுவியவர்களுள் முதன்மையானவர். பயிற்சிக்குப் பின் அமிக்டலாவின் அடிப்பக்கவாட்டுப் பகுதியில் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டினால் அதிர்ச்சி தந்த இடத்தைத் தவிர்க்கும் நினைவு வலுப்படுவதும், அங்கே அட்ரோபின் செலுத்தினால் மற்ற மருந்துகளின் மேம்பாடு தடைபடுவதும் இம்முறையில் தெரியவந்தவை. இதற்குத் துணையாக, பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து அதே மருந்தைப் பெறும் ஒரு குழுவையும் சேர்க்க வேண்டும். அந்தக் குழுவில் விளைவு இல்லாவிட்டால்தான், உடனடி ஊசியின் விளைவு நிலைப்படுத்தலின் காலவரம்புக்குள் நிகழ்ந்தது என்பது உறுதிப்படும்.

சோதனைக்கு முன் மட்டும் செலுத்தினால் மீட்டெடுத்தலை ஆராயலாம். ஆனால் இயக்கக் கோளாறு மீண்டும் குறுக்கே வரும். மருந்துள்ள நிலையில் கற்றது அதே நிலையில்தான் நினைவுக்கு வருகிறதா என்ற நிலைசார் கற்றலைச் சோதிக்க நான்கு குழுக்கள் வேண்டும்: பயிற்சியிலும் சோதனையிலும் மருந்து, இரண்டிலும் வெற்றுக் கரைசல், பயிற்சியில் மட்டும் மருந்து, சோதனையில் மட்டும் மருந்து. இரு வேளையும் மருந்து பெற்ற குழு, பயிற்சியில் மட்டும் பெற்ற குழுவைவிட நன்றாக நினைவுகூர்ந்தால், நினைவு அழியவில்லை. அதை அடையும் வழி மட்டுமே மாறியிருக்கிறது. விலங்குகளின் எண்ணிக்கை கூடுகிறது என்று இந்த நான்கு குழு வடிவத்தைத் தவிர்ப்பவர் பலர். முன்பயிற்சி ஊசியையே நம்பியிருக்கும் ஆய்வில் அந்தச் சிக்கனம் முடிவையே பலவீனமாக்கிவிடும் என்று கருதுகிறேன்.

நேரம் எவ்வளவு ஆழமாக விளைவை மாற்றும் என்பதை 1960களில் அந்தோனி டாய்ச் செய்த சோதனைகளைப் போல வேறெதுவும் காட்டியதில்லை. அவர் எலிகளுக்கு ஒரு புதிர்வழிப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து, பின்னர் வெவ்வேறு நாள்களில் கோலினெஸ்ட்ரேஸ் தடுப்பானைக் கொடுத்துச் சோதித்தார். கற்று இரண்டு வாரமாகி, சாதாரண எலிகள் நன்றாக நினைவுகூரும் கட்டத்தில் மருந்து பெற்றவை மறந்தன. நான்கு வாரமாகி, சாதாரண எலிகள் ஏறக்குறைய மறந்துவிட்ட கட்டத்தில் மருந்து பெற்றவை நினைவுகூர்ந்தன. ஒரே மருந்து, வலுவான நினைவைக் கெடுத்தது. மங்கிய நினைவை மீட்டது. வலுவாகக் கற்ற பழக்கத்தில் இணைப்புகளில் ஏற்கெனவே போதுமான கடத்தல் நடக்கிறது என்றும், மேலும் கூட்டினால் அது அடைபடுகிறது என்றும், பலவீனமான நினைவிலோ கூடுதல் அசிட்டைல்கோலின் குறையை ஈடுசெய்கிறது என்றும் அவர் விளக்கினார். அந்த விளக்கத்தை இன்று அப்படியே ஏற்காதவர்கூட, அவருடைய எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும்: கற்றலின் வலுவையும் வயதையும் குறிப்பிடாமல் "இந்த மருந்து நினைவை மேம்படுத்துகிறது" என்று எழுதுவது பொருளற்றது.

கற்ற பிறகு விலங்கு உறங்குகிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விழித்திருந்து புதியதை ஆராயும்போது ஹிப்போகேம்பஸில் அசிட்டைல்கோலின் உயர்கிறது; மூளையலைகள் மெதுவாக ஓடும் ஆழ்ந்த மெல்லலை உறக்கத்தில் அது வெகுவாகத் தாழ்கிறது. உயர்ந்த நிலை வெளியுலகச் செய்தியைப் பதிவு செய்ய உதவுகிறது, தாழ்ந்த நிலை பதிந்ததை உள்ளிருந்து மறுபடி ஓட்டி நிலைப்படுத்த உதவுகிறது என்று மைக்கேல் ஹாசல்மோ முன்வைத்தார். 2004இல் ஸ்டெஃபன் கைஸும் யான் போர்னும் உறங்கும் மனிதருக்கு மெல்லலை உறக்கத்தின்போது ஃபைசோஸ்டிக்மின் செலுத்தியபோது, சொல் இணைகளின் நினைவு குறைந்தது. கைத்திறன் நினைவு குறையவில்லை. எலிகள் இரவில் இயங்கி, பகலில் உறங்குபவை. ஆய்வகத்தில் அவற்றுக்குப் பகலில் பயிற்சி கொடுத்து, உடனே மருந்து போட்டுக் கூண்டுக்கு அனுப்பினால், மருந்து அவற்றின் உறக்கத்தின்மீதும் படுகிறது. ஆகவே பயிற்சியின் நேரம், விளக்கு எரியும் நேரம், ஊசியின் நேரம் ஆகிய மூன்றையும் மாற்றாமல் வைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

சோதனையைத் தேர்ந்தெடுத்தல்

இருட்டறைத் தவிர்ப்புச் சோதனை எளியது; ஒரே பயிற்சியில் கற்றல் முடிந்துவிடுவதால், பயிற்சிக்குப் பின்னான ஊசிக்கு மிகவும் ஏற்றது. அதன் அளவீடு, எலி உள்ளே நுழைய எடுக்கும் நேரம். வழக்கமாக 300 நொடியில் சோதனை நிறுத்தப்படுவதால் பல விலங்குகள் அந்த உச்சவரம்பில் குவிந்துவிடும். இப்படிப்பட்ட எண்களுக்குச் சராசரியும் டி-சோதனையும் பொருந்தா. தரவரிசைச் சோதனையோ, உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு முறையோதான் பொருந்தும். அதிர்ச்சி அறையில் வலியுணர்வு மாறவில்லை என்பதைக் காட்ட, எலி துள்ளும் மிகக் குறைந்த மின்னளவைத் தனி விலங்குகளில் அளந்து பார்க்க வேண்டும்.

இடநினைவுக்கு ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் வெளியிட்ட நீர்ப் புதிர்வழி பரவலாகப் பயன்படுகிறது. வட்டத் தொட்டியில் கலங்கலாக்கப்பட்ட நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை, அறையின் அடையாளங்களைக் கொண்டு எலி கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கோபொலமைன் பெற்ற எலி மேடையை அடையத் தாமதமாகும் என்பது எளிதில் கிடைக்கும் முடிவு. ஆனால் பதிவு செய்த காணொளியைப் பொறுமையாகப் பார்த்தால், அந்த எலி தொட்டியின் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்துவதும், தற்செயலாக மேடையில் மோதினாலும் அதன்மேல் நிற்காமல் மறுபக்கம் குதித்து நீந்திச் செல்வதும் தெரியும். நீரிலிருந்து வெளியேறும் வழி மேடைதான் என்ற அடிப்படை உத்தியே அதற்குப் பிடிபடவில்லை. இடத்தை மறந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழும். கேன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், இடக்குறிப்புகள் எதுவுமின்றி நீந்துதல், மேடையேறுதல் ஆகியவற்றை மட்டும் எலிகளுக்கு முன்கூட்டியே பழக்கிவிட்டு, பின்னர் மஸ்கரினிக் தடுப்பானைக் கொடுத்துச் சோதித்தபோது இடக்கற்றலின் குறைபாடு மறைந்துபோனது. இந்த முடிவை அறிந்த பின்னும் முன்பழக்கம் கொடுக்காமல் நீர்ப் புதிர்வழியில் ஸ்கோபொலமைனைச் சோதிப்பதற்கு நியாயமில்லை.

எனவே நீர்ப் புதிர்வழியில் எடுத்துக்கொண்ட நேரத்தை மட்டும் பதியாமல், நீந்திய தூரம், வேகம், சுவரோரத்தில் கழித்த பங்கு ஆகியவற்றையும் பதிய வேண்டும். மேடையை எடுத்துவிட்டு 60 நொடி நீந்தவிடும் தேடல் சோதனையில், அது முன்பிருந்த கால்பகுதியில் எவ்வளவு நேரம் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். மேடையின் மேல் கொடி நட்டு, கண்ணால் பார்த்தே நீந்தும் கட்டமும் அவசியம். அதிலும் தடுமாறும் விலங்கு, பார்வையிலோ இயக்கத்திலோ ஊக்கத்திலோ பாதிக்கப்பட்டது.

அந்த நேரத்து வேலைக்கு மட்டும் தேவைப்படும் வேலை நினைவுக்கு ஓல்டனும் சாமுவேல்சனும் 1976இல் அறிமுகப்படுத்திய எட்டுக் கிளைப் புதிர்வழி பயன்படும். சென்ற கிளைக்கே மீண்டும் செல்வது வேலை நினைவுப் பிழை; ஒருபோதும் இரை வைக்கப்படாத கிளைக்குச் செல்வது நிலைத்த நினைவுப் பிழை. இவ்விரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். பரிசோ தண்டனையோ வேண்டாதவர்கள், 1988இல் எனாசரும் டெலாகூரும் விவரித்த, பழைய பொருளைவிடப் புதியதை விலங்கு எவ்வளவு நேரம் ஆராய்கிறது என்று அளக்கும் புதுப்பொருள் அறிதல் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்தால் ஆராயும் ஆர்வமே குறைந்துபோனால் அதன் விகிதக் கணக்குகள் நம்பத்தக்கவை அல்ல. கவனத்தைத் தனியே அளக்க, ஐந்து துளைகளில் ஒன்றில் சட்டென மின்னும் ஒளியைக் கண்டு மூக்கை நுழைக்கும் வரிசைச் சோதனை உள்ளது. அடிக்கருவில் அசிட்டைல்கோலினை வெளியிடும் கோலின் நரம்புகள் சேதமடையும்போது மிகத் தெளிவாகக் குறைவது இந்தக் கவனமே. நினைவு மருந்து என்று கூறப்படும் எதையும் இந்தக் கவனச் சோதனையிலும் பார்த்துவிடுவது நல்லது.

சான்றுகளை எடைபோடுதல்

முதுமை மறதிநோயில் மூளைப் புறணியின் கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ் குறைந்திருப்பதை 1976இல் டேவிஸும் மலோனியும் காட்டினர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு டிராக்மனும் லெவிட்டும் இளைஞர்களுக்கு ஸ்கோபொலமைன் கொடுத்து, முதியோருடையதைப் போன்ற நினைவுக் குறைவைக் கண்டிருந்தனர். 1982இல் பார்ட்டஸும் உடனாய்வாளர்களும் இவற்றையெல்லாம் கோத்து, முதுமையின் நினைவுக் குறைவுக்குக் கோலின் மண்டலத்தின் தளர்ச்சியே முக்கியக் காரணம் என்ற கருதுகோளை முன்வைத்தனர். டாக்ரின் 1993இலும் டோனெபெசில் 1996இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதற்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருந்தது.

விலங்குச் சான்று இந்தக் கருதுகோளை முழுமையாக ஆதரிக்கவில்லை. முன்மூளை அடிப்பகுதியை ஐபோடெனிக் அமிலத்தால் அழித்தபோது எலிகள் கடுமையாகத் தடுமாறின. ஆனால் அந்த அமிலம் கோலின் நரம்புகளோடு மற்ற நரம்புகளையும் கொல்லும். 1990களில் 192 ஐஜிஜி-சப்போரின் என்ற நச்சு கிடைத்தது. கோலின் நரம்புகளின் மேற்பரப்பிலுள்ள ஒரு வளர்ச்சிக் காரணி ஏற்பியைப் பற்றிக்கொண்டு அவற்றை மட்டும் அழிக்கும் தன்மை அதற்கு உண்டு. அதைக் கொண்டு ஹிப்போகேம்பஸின் கோலின் நரம்புகளைப் பெருமளவு அழித்த பின்பும் பல எலிகள் நீர்ப் புதிர்வழியை ஏறத்தாழ இயல்பாகக் கற்றன. எம்1 ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளிலும் எதிர்பார்த்த அளவு நினைவுக் குறைவு இல்லை. மிகையான துறுதுறுப்பே மேலோங்கித் தெரிந்தது. இந்த முடிவுகளைக் கொண்டு அசிட்டைல்கோலினுக்கும் நினைவுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது. மூளைக்கு ஈடுசெய்துகொள்ள நேரம் கிடைக்கும் நீண்டகால இழப்பும், திடீரென ஏற்பிகளை அடைக்கும் மருந்தும் ஒன்றல்ல. எய்க்னர், மிஷ்கின் ஆகியோர் உட்பட்ட குழுக்கள் குரங்குகளில் கண்டது போல, புறணியின் குறிப்பிட்ட பகுதியில் ஸ்கோபொலமைனை நேரடியாகச் செலுத்தினால், சற்று முன் பார்த்த பொருளை அடையாளம் காணும் திறன் குறைகிறது. ஆகவே முழுவுடல் ஊசி, மூளைக்குள் நேரடிச் செலுத்தல், தெரிந்தெடுத்த நரம்பழிப்பு ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டும் இடத்தில்தான் முடிவை உறுதியாக எழுத வேண்டும்.

ஸ்கோபொலமைனால் வந்த குறைபாட்டை ஒரு புதிய மருந்து நீக்கியது என்ற வகை ஆய்வுகள் ஏராளம். கோலினெஸ்ட்ரேஸைத் தடுக்கும் எதுவும் இந்தச் சோதனையில் வெற்றி பெறும் வாய்ப்பு அதிகம். ஏற்பியின் இடத்துக்குப் போட்டியிடும் தடுப்பானை, மிகுந்த அசிட்டைல்கோலின் வெறுமனே இடம்பெயர்க்கிறது. அதை மறதிநோயின் சிகிச்சைக்கான சான்றாக எழுதக் கூடாது. மூளை நரம்புகள் அழிந்துகொண்டே போகும் நோய்க்கும், சில மணி நேரத்தில் தானே நீங்கிவிடும் ஏற்பித் தடைக்கும் இடையே தொலைவு அதிகம்.

பூச்சிகளுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. தேனீயின் மூளையில் அசிட்டைல்கோலின்தான் முதன்மையான கிளர்ச்சிக் கடத்தி. மணத்தை உணர்கொம்பின் நரம்பிலிருந்து மூளைக்குக் கொண்டுசெல்வதே அதுதான். மணத்தோடு சர்க்கரைக் கரைசலை இணைத்து உறிஞ்சுகுழலை நீட்டவைக்கும் சோதனையில் மெகாமைலமினும், நிகோட்டினிக் ஏற்பிகளைத் தாக்கும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியும் கற்றலைக் குறைக்கின்றன. அங்கே மணமே உணரப்படவில்லையா என்பதைச் சர்க்கரை தொட்டவுடன் எழும் நேரடி அனிச்சையையும், மணங்களைப் பிரித்தறியும் திறனையும் தனியே சோதித்துத்தான் முடிவு செய்ய முடியும்.

செய்முறையும் அறிக்கையும்

விலங்குகளைக் குழுக்களில் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். குழாய்களில் குறியீடு மட்டும் இருக்க, ஊசி போடுபவரும் மதிப்பெண் இடுபவரும் எது மருந்து என்று அறியாமல் இருக்க வேண்டும். ஸ்கோபொலமைன் பெற்ற எலியை அதன் துறுதுறுப்பாலும் விரிந்த கண்பாவையாலும் ஊகித்துவிட முடியும் என்பதால், மதிப்பெண்ணை இயன்றவரை கணினிக் கண்காணிப்பிடம் விட்டுவிடுவது நல்லது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஒரே குழுவில் சேர்க்கக் கூடாது. இரு பாலினத்தையும் சேர்க்க வேண்டும். ஊசிக்கும் கைக்கும் விலங்கைச் சில நாள் முன்பே பழக்க வேண்டும். கையாளுதலும் புதிய சூழலுமே அசிட்டைல்கோலின் வெளியீட்டை உயர்த்துபவை. நிகோட்டினில் முதல் ஊசி இயக்கத்தைக் குறைத்து, திரும்பத் திரும்பக் கொடுக்கையில் இயக்கத்தைக் கூட்டுவதால், எத்தனையாவது ஊசியில் சோதனை நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். விலங்குகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே புள்ளியியல் கணக்கால் தீர்மானிக்க வேண்டும். தேவைக்கு அதிகமானவற்றைப் பயன்படுத்துவது கொடுமை. விடை கிடைக்காத அளவுக்குக் குறைவாகப் பயன்படுத்துவதும் அவற்றின் துன்பத்தை வீணாக்குவதே.

அறிக்கையில் மருந்தின் உப்பு வடிவம், எடையைக் கணக்கிட்ட முறை, கரைத்த திரவம், செலுத்திய வழி, பயிற்சிக்கும் ஊசிக்கும் சோதனைக்கும் இடைப்பட்ட நிமிடங்கள், விளக்கு நேரம், இனப்பெயர், வயது, எடை ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். முடிவை எழுதும்போது, ஊசி போட்ட நேரம் அனுமதிக்கும் சொல்லை மட்டும் பயன்படுத்த வேண்டும். பயிற்சிக்கு முன் மட்டும் மருந்து கொடுத்தவர் "கற்றல் வெளிப்பாடு குறைந்தது" என்றும், பயிற்சிக்குப் பின் கொடுத்தவர் "நிலைப்படுத்தல் மாறியது" என்றும், நான்கு குழுவும் வைத்தவர் "நிலைசார் விளைவு விலக்கப்பட்டது" என்றும் எழுதலாம். நடுக்கத்தாலோ, மேடையில் ஏற மறுத்ததாலோ பகுப்பாய்விலிருந்து நீக்கப்பட்ட விலங்குகள் எந்தக் குழுவைச் சேர்ந்தவை, எத்தனை, எந்த விதியின்படி நீக்கப்பட்டன என்பதும் முடிவுகளின் முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டும்.